அடிக்கிற காற்று

என் அண்ணன் தங்கையன் தன் பெண்டாட்டி பவளக்கொடியைக் கன்னத்தில் அறைந்த அதே நொடியில், பன்னிரண்டு நாளாகக் கொடியில் காயப்போட்ட வேட்டி மாதிரித் தொங்கிக் கிடந்த பாய்கள் எல்லாம் ஒன்றாக உப்பின. அதைக் கோரைமுனையில் முதலில் கண்டவள் நான்தான். அன்று சனிக்கிழமை, காலை பத்து மணி இருக்கும், மெட்ராஸிலிருந்து வந்த ஒன்பது பேர் படகில் ஏறி உட்கார்ந்து அரை மணி நேரமாகக் காற்றுக்குக் காத்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் குப்புராசு சுக்கானைப் பிடித்துக்கொண்டு அவர்களைப் பார்த்து அசடு வழிந்துகொண்டிருந்தார், நான் கரையில் நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன், எனக்குப் பின்னால் அண்ணன் வீட்டு வாசலில் பளார் என்றது, எனக்கு முன்னால் பாய் பொத்தென்று விரிந்தது, படகு நகர்ந்துவிட்டது. ஏன் அறைந்தாய் என்று கேட்டால் குழம்பில் புளி கூடிப்போயிற்று என்பான் அண்ணன். குறைந்திருந்தாலும் அறைந்திருப்பான்.

எங்கள் ஊர் ஆறும் கடலும் சேருகிற கழியின் ஓரத்தில் இருக்கிறது. கழித் தண்ணீர் ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஏறும், இரண்டு தடவை வற்றும், அதைத் தவிர அதற்கு வேறு வேலை கிடையாது. அலையாத்திக் காட்டுப் பறவைகள் மிரண்டுவிடும் என்று எஞ்சின் வைத்த படகுகளை உள்ளே விடுவதில்லை, மீனும் முன்னைப்போல் உள்ளே வருவதில்லை, அதனால் சனி ஞாயிறுகளில் பட்டணத்து ஆட்களை, வத்தை என்று நாங்கள் சொல்லும் ஒல்லியான பாய்ப்படகில் ஏற்றிக்கொண்டு, நரித்திட்டைச் சுற்றிக் காட்டி, முகத்துவாரத்து மணல்மேடு வரை கூட்டிப்போய்த் திரும்புவதுதான் எங்கள் பிழைப்பு. அவர்களுக்கு வேகம் வேண்டாம், அலை வேண்டாம், மீன்கூட வேண்டாம். மெல்லிய காற்றில் கண்ணை மூடிக்கொண்டு, காலைத் தண்ணீரில் தொங்கவிட்டுக்கொண்டு, எங்கேயும் போய்ச் சேராமல் போய்க்கொண்டே இருந்தால் போதும். அந்த வருஷம் பங்குனியில் அந்த மெல்லிய காற்றும் அடியோடு நின்றுபோனது, அடுப்புப் புகை கூரையைத் தாண்டி நேராக மேலே போயிற்று, எங்கள் அடுப்புகளில் புகையும் குறைந்துகொண்டே வந்தது.

எங்கள் பேச்சில் காற்று வீசுவதில்லை, அடிக்கும். வெயில் அடிக்கும், மழை அடிக்கும், காற்று அடிக்கும், புருஷன் அடிப்பான். நாலுக்கும் ஒரே சொல்தான், நாலையும் நாங்கள் ஒரே மாதிரிதான் தாங்கிக்கொள்வோம். அதனால் நான் ஓடிப்போய் ஊர்த்தலைவர் வைரக்கண்ணு நாட்டாரிடம், என் அண்ணன் அடித்தால் காற்று அடிக்கிறது என்று சொன்னபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டு, எந்தக் கன்னத்தில் என்று மட்டும் கேட்டார்.

அடுத்த வாரம் முழுக்கச் சோதனை நடந்தது. நாட்டார் தன் மனைவி உண்ணாமலையை ஓங்கி ஒன்று வைத்துப் பார்த்தார். அவள் ஐயோ என்று அலறினாள், காற்று வந்தது, ஆனால் அலறலில் கிழிந்து கிழிந்து வந்தது, பாய் இரண்டு தடவை படபடத்துவிட்டுப் படுத்துக்கொண்டது. ஆண்கள் ஒருவரை ஒருவர் அடித்துப் பார்த்தார்கள். அடிபட்டவன் கெட்ட வார்த்தை சொல்லித் திருப்பி அடித்தான், அதில் எழும்பியது சுழல்காற்று, அது படகைத் தட்டாமாலை சுற்ற வைத்ததோடு சரி. மாட்டை அடித்தார்கள், சாண நாற்றம்தான் அடித்தது. கடைசியில், வீடு வீடாக அடித்து, ஊர் முழுக்கக் கன்னமும் முதுகும் வீங்கிய பிறகு, என் அண்ணி பவளக்கொடி வாங்கும் அடிக்கு மட்டும்தான் காற்று நூல் பிடித்த மாதிரி நிதானமாக, கிழியாமல், பட்டணத்தார் கேட்கிற பதத்தில் வருகிறது என்று தெரிந்தது. ஏனென்றால் அண்ணி வாயைத் திறக்க மாட்டாள்.

ஒருநாள் அவள் முதுகுக்கு வேப்பெண்ணெய் தடவிக்கொண்டிருக்கும்போது, எப்படித்தான் சத்தம் போடாமல் இருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"சிட்டு கைக்குழந்தையா இருந்தப்பப் பழகுனது" என்றாள். "சத்தம் போட்டா புள்ள முழிச்சிக்கும்."

சிட்டு அவளுடைய ஒரே மகள். அப்போது ஒன்பது வயது.

பிறகு ஊர் அந்த அதிசயத்தைத் தன் வீட்டுப் பாத்திரம் மாதிரிப் புழங்கத் தொடங்கியது. தலையில் அடிக்கக் கூடாது, வெறும் வயிற்றில் அடிக்கக் கூடாது, வெள்ளிக்கிழமை அடிக்கவே கூடாது என்று பஞ்சாயத்தில் கட்டு விதித்தார்கள். கரையில் பூவரச நிழலில் அவளுக்கென்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். முதல் நண்டு அவள் வீட்டுக்குப் போயிற்று, கொடுவா மீனின் நடுத்துண்டு அவள் வீட்டுக்குப் போயிற்று, அவளைத் தாயி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள், கல்யாணமாகி வந்த பெண்கள் அவள் காலில் விழுந்து எழுந்து போனார்கள். சுகாதார நிலையத்து நர்ஸம்மா ஒருமுறை வந்து, இது என்ன காயம் என்று கேட்டபோது, நாற்பது பெண்கள் ஒரே வாயாக, படித்துறையில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று சொன்னோம். அவ்வளவு ஒற்றுமையாக நாங்கள் வேறெந்தக் காரியமும் செய்ததில்லை.

என் வேலை என்ன என்றால், பார்ப்பது. படகு நரித்திட்டுக்கு அந்தப் பக்கம் போய்ப் பாய் தளர்ந்தால் குப்புராசு தன் சிவப்புத் துண்டை உயர்த்தி ஆட்டுவார். ஓர் ஆட்டலுக்கு ஓர் அடி. நான் திரும்பி, "அண்ணி, காத்து கேக்குறாங்க" என்பேன். அவள் கையில் இருப்பதை, வலையோ முறமோ, கீழே வைத்துவிட்டு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முதுகைக் காட்டுவாள்.

படகில் வந்தவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. வெள்ளைத் தொப்பி வைத்த ஒரு மெட்ராஸ் அம்மா வாராவாரம் வருவார், மனதைப் பிழியும் வேலையாம் அவருக்கு, படகில் சாய்ந்து படுத்துக்கொண்டு குப்புராசிடம், "ரொம்ப இதமா இருக்குங்க, இப்படியே அடிச்சிட்டே இருக்கணும், முடிஞ்சா இன்னும் கொஞ்சம் அடிக்கட்டும்" என்பார். காற்றைத்தான் சொன்னார். குப்புராசு துண்டை ஆட்டுவார், நான் திரும்புவேன், கரையில் புளியங்குச்சி விளார் ஓங்கும், அந்த அம்மாவின் நெற்றி முடி ஒரு பக்கமாக மெல்லப் பறக்கும். அவர் சொன்னதற்கும் நாங்கள் செய்ததற்கும் நடுவில் இருந்தது அந்த ஒரு சொல்தான்.

இதில் முதலில் உடைந்தது அண்ணன். குடித்துவிட்டு இஷ்டத்துக்கு அடித்தவனுக்கு, ஊர் சொல்லி மணி பார்த்து அடிக்க வேண்டும் என்று ஆனதும் கை வரவில்லை. குடியை விட்டான், சாப்பாட்டை விட்டான், சனிக்கிழமை விடிந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலையாத்திக்குள் போய் ஒளிந்துகொண்டான். நாட்டார் ஆள் விட்டு இழுத்து வந்து, "தங்கையா, நீ கையக் கட்டிக்கிட்டு நின்னா ஊரு என்னத்தத் திங்கிறது?" என்று கேட்டார். அவன் பெண்கள் மாதிரி விசும்பினான். எனக்கு அவன்மேல் இரக்கம் வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை, எட்டு வருஷம் கூலியில்லாமல் செய்த வேலையில் அவனுக்கு அப்போதுதான் சலிப்புத் தட்டியது. அவனை விட்டுவிட்டு வீட்டுக்கு ஒரு ஆண் என்று முறை வைத்தார்கள். கோயில் தேர் இழுப்பதற்கு முறை வைப்பது மாதிரியே வைத்தார்கள், முறை வந்த வீட்டார் அன்று காலையில் குளித்துவிட்டு வந்தார்கள். எங்கள் வீட்டு முறைக்கு என் கொழுந்தன் போனான், நான் அவனுக்குக் கையில் விளாரை எடுத்துக் கொடுத்தேன்.

சித்திரை போய் வைகாசி வந்தது, அண்ணி இளைத்தாள். எழுந்தால் சுவரைப் பிடித்தாள், ஒரு பக்கமாகத்தான் படுத்தாள், மூத்திரத்தில் ரத்தம் போகிறது என்று என்னிடம் மட்டும் சொன்னாள். நான் யாரிடமும் சொல்லவில்லை.

அந்தச் சனிக்கிழமை குப்புராசின் சிவப்புத் துண்டைக் காணோம். பட்டணத்தார் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள், துண்டு இல்லாமல் படகு எடுக்க முடியாது, ஊரே தேடியது. சிட்டு அதை எடுத்து நண்டு வளைக்குள் திணித்து மேலே சேற்றைப் பூசியிருந்தாள். நாட்டாருக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த புளிய விளாரால் அவள் கெண்டைக்காலில் சுளீரென்று ஒன்று கொடுத்தார்.

குழந்தை வாயைத் திறக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, தன் அம்மா நிற்கிற மாதிரியே, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். கழியின் மேல் ஒரு காற்று வந்தது. அப்படி ஒரு காற்றை எங்களில் யாரும் அனுபவித்ததில்லை. அவ்வளவு மெல்லிசு, அவ்வளவு பூ மாதிரி, தண்ணீரில் ஒரு சுருக்கம் மட்டும் ஓடியது, பாய் குழந்தையின் கன்னம் அளவுக்கு உப்பி அப்படியே நின்றது. படகில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். ஆகா, இதுதான் வேண்டும் என்று அந்தத் தொப்பி அம்மா சொன்னது கரை வரை கேட்டது.

கரையில் இருந்த அத்தனை பேரும் சிட்டைப் பார்த்தோம். நாட்டார் விளாரைக் கீழே போட்டார். குனிந்து அவள் தலையைத் தடவி, உனக்கு என்ன சாப்பிடப் பிடிக்கும் தங்கம் என்று கேட்டார். 

அன்று மாலையே பஞ்சாயத்து கூடியது. மறுநாள் தொப்பி அம்மாவின் பேரக் குழந்தைகள் வருகிறார்களாம், அவர்களுக்குச் சின்னக் காற்றுப் போதுமாம், சின்னக் காற்றுக்குச் சின்ன அடி போதும் என்று நாட்டார் விளக்கினார். எல்லோரும் தலையாட்டினார்கள். குழந்தைக்கு என்ன செய்ய வேண்டும், முட்டை யார் வீட்டிலிருந்து, பால் யார் வீட்டிலிருந்து என்று பேச்சு போயிற்று. அண்ணன் மூலையில் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பெண்கள் அந்தக் கூட்டத்துக்குள் போவதில்லை, வாசலுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தோம், அண்ணி உள்ளே போனாள். சுவரைப் பிடிக்காமல் போய் நடுவில் நின்றாள்.

"அது தூங்குதுன்னு நெனச்சித்தான் நான் எட்டு வருஷமாச் சத்தம் போடாம வாங்குனேன்" என்றாள். "அது தூங்கல. கண்ண மூடிக்கிட்டு முழிச்சிக்கிட்டுத்தான் கெடந்திருக்கு. என்னப் பாத்துத்தான் வாய மூடக் கத்துக்கிட்டிருக்கு."

எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள். 

"தாயி, ஒங்களுக்கும் ஓய்வு வேணுமில்ல" என்றார் நாட்டார். "அத நெனச்சித்தான் இந்த ஏற்பாடே."

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பட்டணத்தார் விடுதிக் கொட்டகையில் இடியாப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணி சிட்டின் கையைப் பிடித்துக்கொண்டு கரைக்கு வந்தாள். தாயி வருகிறாள் என்று ஆண்கள் கை கூப்பி வழிவிட்டார்கள். அவள் நின்றிருந்த ஐந்து வத்தைகளில் நாலிலிருந்து ஊன்றுகழிகளையும் துடுப்புகளையும் ஒவ்வொன்றாக எடுத்து வற்றுநீரில் மிதக்கவிட்டாள், என்னவோ சாங்கியம் என்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம், ஐந்தாவதில் மகளை ஏற்றிப் பாய்மரத்தடியில் உட்கார வைத்தாள், கயிற்றை அவிழ்த்தாள், பாயை ஏற்றிச் சுக்கானைக் காலால் மிதித்துக்கொண்டாள். இழை காற்றில்லை. அப்போது அவள் இரண்டு கையையும் தூக்கித் தன் மாரில் ஓங்கி அடித்துக்கொண்டாள்.

மாரடிப்பது எங்களுக்குப் புதிதில்லை. சாவு விழுந்த வீட்டில் வட்டமாக நின்று ஒப்பாரி வைத்துக்கொண்டு அடித்துக்கொள்வோம். ஒப்பாரி இல்லாமல் ஒருத்தி மாரடித்து அன்றுதான் பார்த்தேன். அடித்தாள், பாய் உப்பியது. அடித்தாள், வத்தை திரும்பியது. அடித்தாள், அடித்தாள், நரித்திட்டு பின்னால் போயிற்று, முகத்துவாரம் முன்னால் வந்தது.

நாட்டாருக்கு அப்போதுதான் விளங்கியது. பிடிங்கடா என்று கத்தினார், அவரும் இருபது ஆண்களும் நாலு வத்தைகளில் பாய்ந்து ஏறினார்கள், ஊன்றுகழி இல்லை, துடுப்பு இல்லை, பாயை ஏற்றினார்கள், காற்றில்லை. அடிங்கடா என்றார் நாட்டார். ஒருவனை ஒருவன் அடித்தார்கள். முதலில் கணக்காக அடித்தார்கள், பிறகு பல் விழுந்தது, மூக்குத்தண்டு உடைந்தது, உன் அம்மாள் உன் ஆத்தாள் என்று வாய் திறந்தது, வரப்புத் தகராறும் வலைத் தகராறும் வெளியே வந்தன, ஒருவன் தன் கூடப்பிறந்த தம்பியை மிதித்தான், மருமகன் மாமனாரின் காதைக் கடித்துத் துப்பினான், நாட்டாரின் தாடையில் என் வீட்டுக்காரரே ஒன்று விட்டார். சுழல்காற்று எழுந்து நாலு வத்தைகளையும் கழியின் நடுவில் தட்டாமாலை சுற்றியது. தண்ணீர் செம்மண் நிறமாயிற்று. அப்படிச் சுற்றிக்கொண்டிருந்தவர்களுக்கும் அண்ணிக்கும் நடுவில் இருந்த தூரம், கொஞ்சம் கொஞ்சமாக, குறைந்துகொண்டே வந்தது.

ஏனென்றால் தண்ணீர் திரும்பிவிட்டது. அதுவரை அவளை வெளியே இழுத்த வற்றுநீர் நின்று, கடல் உள்ளே ஏறத் தொடங்கியது. மணல்மேட்டுக்கு ஒரு கூப்பிடு தூரத்தில் அவள் வத்தை நின்றது, நடுங்கியது, பின்னுக்கு வந்தது. முகத்துவாரத்துக்குப் பக்கத்துக் கரையில் நாங்கள் பெண்கள் ஓடிப்போய் நின்றிருந்தோம். எங்களுக்கு எல்லாம் தெரிந்தது. ரவிக்கை நனைந்திருந்தது தெரிந்தது. கை மேலே போகும்போதே துவண்டது தெரிந்தது. சிட்டு எழுந்து நின்றது தெரிந்தது. அம்மாவைப் பார்த்தது, பாயைப் பார்த்தது, தன் சின்னக் கையைத் தூக்கித் தன் மாரில் அடித்துக்கொள்ள ஓங்கியது.

அண்ணி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். விடவே இல்லை. ஒரு கையால் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, மிச்சமிருந்த ஒரு கையால் அடித்துக்கொண்டாள், அது போதவில்லை, பாய் தொங்கிவிட்டது, சுழல்காற்று அவளை நெருங்கியது.

நான் நல்லவள் என்று காட்ட இதைச் சொல்லவில்லை. காத்து கேக்குறாங்க என்று வாராவாரம் சொன்ன வாய் இது. அந்த வாயின் மேலேயே முதலில் அடித்துக்கொண்டேன், உதடு கிழிந்தது, ரத்தத்தை விழுங்கினேன், சத்தம் போடவில்லை. பிறகு மாரில். எனக்குப் பக்கத்தில் நாட்டார் மனைவி உண்ணாமலை, அன்று ஐயோ என்று அலறியவள், முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அடித்துக்கொண்டாள். பிறகு அவளுக்குப் பக்கத்தில், அதற்குப் பக்கத்தில், நர்ஸம்மாவிடம் ஒரே வாயாகப் பொய் சொன்ன நாற்பது பேரும், சாவு வீட்டில் நிற்கிற மாதிரி வட்டமாக நின்று, ஒரு பாட்டு இல்லாமல், ஒரு சொல் இல்லாமல், மார் சிவக்க, எலும்பு அதிர அடித்துக்கொண்டோம். அது வலித்தது. அவ்வளவு வலிக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள நான் முயன்றதும் இல்லை, அந்த வெட்கம் அடியைவிட அதிகமாக வலித்தது.

பாய் எழுந்தது. உப்பியது. எதிர்நீரைக் கிழித்துக்கொண்டு வத்தை மணல்மேட்டின் மேல் ஏறி, அடி உராய்ந்து, ஒரு பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, அந்தப் பக்கம் இறங்கியது.

அங்கே கடலில், தெற்கிலிருந்து வரும் சோழகக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. யாரும் யாரையும் அடிக்காமல் அடிக்கிற காற்று. அது பாயைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்து நாங்கள் கையை இறக்கினோம், அண்ணியும் கையை இறக்கினாள். மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். பிறகு அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் அது பறவை என்று நினைத்தோம். பவளக்கொடி அழுதாள்; எட்டு வருஷத்தையும் சேர்த்து, வாயை முழுக்கத் திறந்து, ஓவென்று, கடல் முழுக்கக் கேட்கிற மாதிரி அழுதாள், அவளோடு சேர்ந்து குழந்தையும் அழுதது. காற்று கிழியவில்லை. அவள் அழ அழ, வத்தை போய்க்கொண்டே இருந்தது.